சென்னை – துபாய் – சான்பிரான்சிஸ்கோ: ஏர்லைன் சாப்பாட்டை எதுவரை நம்பலாம், கட்டுச்சோறு எதுவரை தாங்கும்?

#1 கொல்லிமலை
அறுபத்தைந்தைத் தாண்டிய தம்பதி. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஒருவர் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர். சென்னையிலிருந்து துபாய் சுமார் நாலேகால் மணி நேரம், அங்கே மூன்றரை மணி காத்திருப்பு, பிறகு சான்பிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 16 மணி நேரம். டிக்கெட் ஆன்லைன் ஏஜென்ட் மூலம் எடுத்தது. எந்த மீல் கோட் (எந்த வகைச் சாப்பாடு வேண்டும் என்று டிக்கெட்டில் பதியும் நாலெழுத்துக் குறி) போடுவது, கையில் என்ன கட்டிக் கொடுப்பது, செக்யூரிட்டியில் எது மாட்டும்? "எல்லாம் ஃப்ளைட்லயே கிடைக்கும், கவலைப்படாதீங்க" ரகப் பதில் வேண்டாம். அளவோடு சொல்லுங்கள்.

#2 ட்ராலி_கார்ட்
கோடில் தொடங்குவோம், பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் அதுதான்.

உங்களுக்கு வேண்டியது ஏவிஎம்எல். இந்திய மசாலாவோடு சைவம், பால் பொருள் உண்டு, முட்டை இருக்காது. "வெஜிடேரியன்" என்று பொதுவாகக் கண்ணில் படுவதைத் தட்டினால் விஎல்எம்எல் விழலாம். அது மேற்கத்திய சைவம், அதில் முட்டை வரும். விஜிஎம்எல் வீகன்: தயிரும் நெய்யும் இல்லை, மசாலாவும் பெரும்பாலும் இல்லை, வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும்தான். விஜேஎம்எல் ஜைன உணவு: வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. ஹெச்என்எம்எல்லில் "ஹிந்து" என்ற பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள், அது மாட்டிறைச்சி இல்லாத அசைவம். கோழியோ மீனோ வரும்.

அடுத்த வலை டிபிஎம்எல். சர்க்கரை நோயாளிக்கென்றே இருப்பதால் கை தானாக அங்கே போகும். ஒரு பயணிக்கு ஒரு கோட்தான் ஏறும், டிபிஎம்எல் சைவம் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. கிரில் செய்த கோழி வந்தால் மனிதர் பட்டினி. ஆகவே இருவருக்கும் ஏவிஎம்எல். இனிப்பையும் ஜூஸையும் தட்டிலேயே ஒதுக்கிவிடலாம்.

ஏஜென்ட் தளத்தில் "மீல் ரெக்வெஸ்டட்" என்று காட்டுவது வெறும் கோரிக்கை. விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் அவர்களுடைய ஆறெழுத்து பிஎன்ஆரைப் போட்டுத் திறந்து, இரண்டு செக்டாரிலும் தனித்தனியாக "கன்ஃபர்ம்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். சென்னை–துபாயில் ஏறி, துபாய்–சான்பிரான்சிஸ்கோவில் ஏறாமல் இருப்பது அடிக்கடி நடப்பது. பொதுவாக 24 மணி நேரத்துக்கு முன் பதிந்திருக்க வேண்டும். விமானம் ரத்தாகி வேறொன்றில் மாற்றினால் கோட் கூடவே வரும் என்று நம்ப முடியாது. மாற்றியதும் மறுபடி பாருங்கள்.

ஏறிய பிறகு யாருடனாவது சீட் மாற்றிக்கொண்டால் உடனே க்ரூவிடம் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பெஷல் மீல் சீட் நம்பரைப் பார்த்துத்தான் வரும். ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டு ஏவிஎம்எல்லை இழந்தவர்கள் நிறைய.

#3 இனிப்பில்லாதவர்
டிபிஎம்எல் பற்றிச் சொன்னது சரி. இன்னொரு சிக்கலும் அதில் உண்டு: அது மாவுச்சத்தைக் குறைத்து வரும். வீட்டில் இரண்டு கரண்டி சோற்றுக்குப் போடும் அதே அளவு ஊசியைப் போட்டுவிட்டு அந்தத் தட்டைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கிவிடும்.

ஊசி போடும் நேரம்: ட்ராலி நகரத் தொடங்கியதும் போடக் கூடாது. நடுவில் குலுங்க ஆரம்பித்தால் சர்வீஸை நிறுத்திவிடுவார்கள், அது அரை மணி நேரம்கூட ஆகலாம். தட்டு கைக்கு வந்து, உள்ளே சாப்பிடக்கூடியதுதான் இருக்கிறது என்று பார்த்த பிறகு போடட்டும். ஸ்பெஷல் மீல் மற்றவர்களுக்கு முன்னாலேயே வந்துவிடும் என்பது இதில் ஒரு வசதி.

சர்க்கரை இறங்கினால் உடனே கொடுக்க, பாக்கெட்டில் குளுக்கோஸ் மாத்திரை அல்லது குளுக்கோஸ் பொடி. 15 கிராம், பிறகு 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. கடலை மிட்டாயை இதற்கு நம்பாதீர்கள். கடலையின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இறங்கியதைச் சரிசெய்த பிறகு, அடுத்த சாப்பாடு வரும்வரை தாக்குப்பிடிக்க அது நல்லது.

இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, சரக்கறைக் குளிரில் உறைந்தால் வீண். மருந்துச் சீட்டு கையில் இருக்கட்டும். மேற்கே போகும்போது நாள் நீளும் (கோடையில் வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம்). நீண்ட நேர இன்சுலின் போடுபவர் என்றால் அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அதை ஃபோரத்தில் கேட்க வேண்டாம்.

#4 குளிர்கிடங்கு
ஏர்லைன் சாப்பாடு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எதைச் சாப்பிடுவது, எதை ஒதுக்குவது என்பது தானாக விளங்கும்.

விமானத்தில் சமையல் கிடையாது. தரையிலுள்ள கிச்சனில் சமைத்து, பிளாஸ்ட் சில்லரில் வேகமாகக் குளிரவைத்து, 5 டிகிரிக்குக் கீழே வைத்து, குளிர்ந்தபடியே ஏற்றுவார்கள். மேலே கேலியில் (விமானத்தின் குட்டிச் சமையலறை) இருக்கும் அவனில் (சூடாக்கும் அடுப்பு) சுமார் 20 நிமிடம் சூடாகும். அந்த அவனில் வீசுவது சூடான காற்று. எனவே ஈரம் கட்டிக் காக்கும் பண்டம் பிழைக்கும், மொறுமொறுப்பு செத்துவிடும். பூரி, தோசை, வடையெல்லாம் அதில் தேறாது. உப்புமா, பொங்கல், கிரேவியோடு சாதம், ராஜ்மா, பனீர் தேறும். இந்தியாவிலிருந்து கிளம்பும் காலை விமானங்களில் உப்புமா திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. அவனைத் தாங்குவது அதுதான்.

சுவை மந்தமாக இருப்பதற்கு கிச்சனை மட்டும் குறை சொல்ல முடியாது. கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலைக்குச் சமம். ஊட்டியைவிடக் கொஞ்சம் கீழேயிருந்து கொஞ்சம் மேலே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. மூக்கு காய்ந்தால் மணம் தெரியாது. லுஃப்தான்ஸா விமான நிறுவனத்துக்காக ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் 2010 வாக்கில் செய்த சோதனையில், உப்பு 20 முதல் 30 சதவீதமும் இனிப்பு 15 முதல் 20 சதவீதமும் குறைவாகத் தெரிந்தது. புளிப்பு அவ்வளவாகக் குறையவில்லை. கட்டுச்சோற்றில் உப்பைக் கூட்டாமல் புளியையும் மிளகையும் தூக்கலாக வைத்தால் போதும், பிரஷர்காரர்களுக்கும் அது நல்லது.

#5 மணல்வீடு
அப்போ நம்ம புளியோதரைதான் ஜெயிக்குது :)

#6 ட்ரே_நம்பர்_3
ஜெயிக்கணும்னா முதல்ல எக்ஸ்ரேயைத் தாண்டணும். சென்னையில ஒரு தடவை, துபாய் ட்ரான்சிட்ல இன்னொரு தடவை. ரெண்டு இடத்துக்கும் சேர்த்துப் பேக் பண்ணுங்க.

2006ல லண்டன்ல பிடிபட்ட திரவ வெடிகுண்டுச் சதிக்கு அப்புறம் வந்தது 100 மில்லி விதி: கைப்பையில 100 மில்லிக்கு மேற்பட்ட டப்பால திரவம் கூடாது. இதுல மாட்டறது தண்ணி மட்டும் இல்லீங்க. தயிர், சட்னி, தொக்கு, ஊறுகாய், நெய், ஜாம், சாம்பார் எல்லாமே திரவக் கணக்குதான். டப்பா 200 மில்லியா இருந்து உள்ளே 50 மில்லி இருந்தாலும் எடுத்துடுவாங்க, அவங்க பார்க்கறது டப்பாவோட அளவை.

தொக்கைத் தனி டப்பால வைக்காம சப்பாத்திக்குள்ள மெல்லிசா தடவி ரோல் பண்ணிடுங்க, பிரச்சினை தீர்ந்தது. மிளகாய்ப்பொடியும் அப்படித்தான். இட்லி மேலயே எண்ணெயில குழைச்சுத் தடவிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. தனிப் பொட்டலமா மிளகாய்த் தூள், மசாலாப் பொடி கையில கொண்டு போனா சென்னையிலயே வாங்கி வச்சுக்குவாங்க. அமெரிக்கா போற விமானத்துக்கு 2018லேர்ந்து 350 மில்லிக்கு மேல பொடி இருந்தா தனிச் சோதனையும் உண்டு. பருப்புப்பொடி, சத்துமாவு கிலோ கணக்குல இருந்தா செக்-இன் பெட்டிக்கு.

எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேண்டாம். எக்ஸ்ரேல உள்ளே இருக்கறது சரியாத் தெரியாது, ஒவ்வொண்ணாத் திறக்கச் சொல்வாங்க. கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் டப்பா, இல்லேன்னா பட்டர் பேப்பர். வாழையிலை மணமா இருக்கும், ஆனா அது பச்சை இலை. அமெரிக்காவுல இறங்கறதுக்கு முன்னாடி விமானக் குப்பையிலேயே போட்டாகணும்.

தண்ணி பாட்டில் காலியா கொண்டு போய், செக்யூரிட்டி தாண்டினதும் நிரப்பிக்கலாம்.

#7 நல்லெண்ணெய்
புளியோதரைக்கு அளவு தருகிறேன். இருவருக்கு ஒரு வேளைக்குச் சரியாக வரும்.

அரிசி 200 கிராம், புழுங்கலைவிடப் பச்சரிசி. தண்ணீர் அரிசியைப்போல் இரு மடங்கு, ஒரு கரண்டி குறைத்தால் இன்னும் நல்லது. உதிரியாக வடித்த சாதத்தை அகலத் தட்டில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, ஃபேன் அடியில் முழுக்க ஆறவிடுங்கள். கை வைத்தால் சூடே தெரியக் கூடாது. சூட்டோடு டப்பாவில் அடைத்தால் ஆவி மூடியில் நீராகக் கோத்துச் சொட்டும், அந்த ஈரத்தில்தான் முதலில் கெடும்.

புளி எலுமிச்சை அளவு, அதாவது 40 கிராம் போல. கெட்டியாகக் கரைத்து, நாலு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, வரமிளகாய், பெருங்காயம் தாளித்து, மஞ்சள் உப்பு போட்டுக் கொதிக்கவிடுங்கள். எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, கரண்டியை இழுத்தால் சட்டியின் அடி தெரியும் பதம். அதற்கு முன் இறக்கினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று பொருள், தாங்காது. வெந்தயமும் தனியாவும் வறுத்துப் பொடித்து இறக்கும்போது ஒரு ஸ்பூன். வேர்க்கடலைக்குப் பதில் கடலைப்பருப்பையே கூட்டிப் போடுங்கள். பக்கத்தில் யாருக்காவது நட் அலர்ஜி என்றால் க்ரூ அறிவிப்பு செய்து, கடலை சாப்பிட வேண்டாம் என்பார்கள்.

கையால் பிசையாமல் மரக்கரண்டியால் கலக்குங்கள். தேங்காய், வெங்காயம் எந்த ரூபத்திலும் கூடாது.

#8 காவிரிப்பாலம்
தயிர்சாதத்தை யாரும் சொல்லவில்லையே? பாலை நிறைய விட்டு, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் கலந்து கொடுத்தால் போகப்போக உறையும், புளிக்காது. ரயிலில் காலம்காலமாக இப்படித்தான் போகிறது.

#9 குளிர்கிடங்கு
ரயிலுக்குச் சரி, காவிரிப்பாலம். இங்கே கணக்கு வேறு. வீட்டில் கட்டி முடிப்பதிலிருந்து விமானம் ஏறும்வரை நாலு மணி நேரம் என்று வையுங்கள். அதோடு நாலேகால், மூன்றரை. அதன் பிறகு 16 மணி நேரப் பறப்பின் நடுப்பகுதி. கூட்டினால் ஏறத்தாழ 20 மணி நேரம். அவ்வளவு நேரமும் குளிர்ப்பெட்டி கிடையாது. பாலும் சோறும் அதைத் தாங்காது. வீட்டை விட்டுக் கிளம்பி, ஏறுவதற்கு முன் கேட் அருகே உட்கார்ந்து சாப்பிடுவதற்கு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், அதுவும் கெட்டியாக. தளதளவென்று இருந்தால் செக்யூரிட்டியில் அதுவும் திரவம்.

ஐஸ் ஜெல் பேக் வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சோதனை நேரத்தில் கல்லாக உறைந்திருந்தால் பல இடங்களில் விடுவார்கள், பாதி இளகியிருந்தால் 100 மில்லி விதிக்குள் வந்துவிடும். துபாய் ட்ரான்சிட் வரை அது கல்லாக இருக்க வழியே இல்லை.

சாதத்தில் பயம் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. அதன் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாகாது, சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சு உண்டாக்கும். அந்த வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. புளிப்பு மிகுந்த இடத்தில், பிஹெச் (புளிப்பின் அளவுகோல், எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5க்குக் கீழே, அது வளரத் திணறும். புளியோதரை தாங்குவதன் ரகசியம் அதுதான். ஆனால் புளிக்காய்ச்சலைக் கஞ்சத்தனமாகக் கலந்து வெள்ளை வெள்ளையாகச் சோறு தெரிந்தால் அந்தப் பாதுகாப்பு அங்கே இல்லை. எலுமிச்சை சாதம் பல வீடுகளில் இந்த அளவு புளிப்பதில்லை, அதனால் அதை நான் சேர்க்கவில்லை. புளியோதரையையும் 12 மணி நேரத்துக்குள், துபாயிலேயே முடித்துவிடுவது நல்லது.

#10 காவிரிப்பாலம்
சரி, தயிர்சாதம் கேட் வரைக்கும். ஒத்துக்கொள்கிறேன், அரை மனதோடு.

#11 பாலைக்கப்பல்
துபாய் வழி என்பதால் ஒன்று, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது: கசகசா. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை. சிங்கப்பூர், சவுதியிலும் சிக்கல்தான். ட்ரான்சிட்தானே என்று இருக்காதீர்கள், அங்கேயும் பை சோதனை உண்டு. மகளுக்கென்று குருமா மசாலா அரைத்துக் கொடுக்கும் வீடுகள் கசகசாவை முழுதாகவே விட்டுவிடட்டும், செக்-இன் பெட்டியிலும் கூடாது.

கொப்பரையும் வேண்டாம். எண்ணெய்ச் சத்து மிகுந்து தானாகத் தீப்பற்றக்கூடியது என்ற வகையில் ஆபத்தான சரக்குப் பட்டியலில் இருக்கிறது. ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கே 2024 மண்டல சீசனில் தனி அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. தண்ணீர் ஊற்றினால் தானே சூடாகும் ரெடிமேட் உணவுப் பெட்டிகள் வருகின்றனவே, அவற்றையும் பல விமான நிறுவனங்கள் கேபினில் விடுவதில்லை.

#12 மணல்வீடு
வீட்டுச் சாப்பாட்டை க்ரூ சூடு பண்ணித் தருவாங்களா? சுடுதண்ணி வாங்கி ஏதாவது கலக்கிக்கலாமா?

#13 ட்ராலி_கார்ட்
சூடு பண்ண மாட்டார்கள், கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். அவனில் போவது அவர்களுடைய அளவுத் தட்டுகள் மட்டும். வெளிச் சாப்பாட்டைச் சூடாக்கி யாருக்காவது வயிறு கெட்டால் பொறுப்பு அவர்கள் தலையில். பல விமானங்களில் மைக்ரோவேவே கிடையாது. குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னாலும் இதே பதில்தான்.

சுடுநீர் கேட்கலாம், குலுக்கல் இல்லாதபோது தருவார்கள். 8,000 அடி அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், கப்பில் ஊற்றி உங்கள் கைக்கு வரும்போது இன்னும் ஆறியிருக்கும். இன்ஸ்டன்ட் ரவா உப்புமா அதில் சரியாக வேகாது, நடுவில் நறநறக்கும். மெல்லிய அவல் சரியாக வரும். 60 கிராம் அவலில் முன்பே தாளிப்பை வறட்சியாகக் கலந்து (கடுகு, உளுத்தம்பருப்பு, வறுத்த மிளகாய், உப்பு, எலுமிச்சைக்குப் பதில் ஆம்சூர் எனும் மாங்காய்ப் பொடி) ஜிப் பையில் போட்டுக் கொடுங்கள். அகலமான பேப்பர் கப்பில் கொட்டி, அவல் நனையும் அளவுக்குச் சுடுநீர் விட்டு, மூடி ஐந்து நிமிடம். அதிகம் ஊற்றினால் களியாகிவிடும். பறப்பின் நடுவில், இரண்டு தட்டுகளுக்கும் இடையில், சூடாக ஏதாவது உள்ளே போக இதைவிட எளிய வழி இல்லை. கெடுகிற பேச்சும் இல்லை. ஊசி போடுபவருக்கு மட்டும் ஒன்று: அவலும் அரிசிதான், 60 கிராமில் மாவுச்சத்து ஏறத்தாழ 45 கிராம் இருக்கும்.

இடைவெளியையும் சொல்லிவிடுகிறேன். 16 மணி நேரப் பறப்பில் முதல் தட்டு விமானம் புறப்பட்டு ஒன்றரை மணி நேரத்துக்குள், கடைசித் தட்டு இறங்க இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன். நடுவில் சாண்ட்விச் போல ஏதாவது வரும், அதற்கு ஸ்பெஷல் மீல் கோட் செல்லுபடியாகும் என்று நம்ப முடியாது. உங்கள் ஆட்களுக்குக் கைச்சாப்பாடு தேவைப்படும் இடம் நடுவிலுள்ள அந்த ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்.

#14 இனிப்பில்லாதவர்
அவலுக்கு மாற்றாக, மெல்லிய சப்பாத்தி ரோல் இரண்டு. மாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டு வெந்நீரில் பிசைந்து, கரும்புள்ளி விழாமல் இரு பக்கமும் முழுக்க வேகவைத்து, துணியில் ஆறவிட்டு அடுக்குங்கள். ஈரமில்லாத வெந்தயக்கீரை சப்பாத்தி ஒரு நாள் நிற்கும். உருளைக்கிழங்கு மசாலா உள்ளே வைத்தால் நிற்காது.

ராஜ்மா, கொண்டைக்கடலை, முட்டைகோஸ், சோடா இவற்றை ஏறுவதற்கு முந்தைய வேளையில் தவிர்க்கச் சொல்லுங்கள். தரையில் அடைபட்ட காற்று மேலே மூன்றில் ஒரு பங்குவரை விரியும். சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள், வயிற்றுக்குள்ளும் அதே கதைதான். டப்பா மூடியை அழுத்தும்போது உள்காற்றைப் பிதுக்கிவிட்டு மூடுங்கள், எண்ணெய்ப் பதார்த்தம் மேலே போனதும் விளிம்பு வழியே கசிவது இதனால்தான்.

#15 கொல்லிமலை
அருமை. அப்படியானால் என் திட்டம்: கேட்டில் தயிர்சாதம், துபாயில் புளியோதரையும் பொடி தடவிய இட்லியும், நடுவானில் அவல், மிச்ச நேரத்துக்கு இரண்டு ஏவிஎம்எல். சரியா? மிஞ்சியதை அங்கே போய் வைத்துக்கொள்ளலாமா?

#16 பாலைக்கப்பல்
இட்லி ஆளுக்கு நாலு போதும். முழுக்க ஆறவைத்துப் பொடி தடவுங்கள். அதிகம் புளித்த மாவு துபாய் போய்ச் சேருவதற்குள் நெடி அடிக்கும், அன்று அரைத்துப் பொங்கியதாக இருக்கட்டும்.

மிஞ்சியதை இறக்காதீர்கள். அமெரிக்க சுங்கத்தில் உணவு எதுவானாலும் சொல்லியாக வேண்டும், ஒளித்தால் அபராதம். கறிவேப்பிலை அங்கே தடை, எலுமிச்சை இனத்துக்கு வரும் நோய்க்குப் பயந்து. அதனால் தாளிப்பில் அது போட்ட எதையும் விமானத்துக்குள்ளேயே முடித்துவிடுங்கள், அல்லது தாளிப்பிலேயே விட்டுவிடுங்கள். இந்தியாவிலிருந்து சமைக்காத அரிசி கொண்டு போவதும் கூடாது, தானியத்தைத் தின்னும் கப்ரா வண்டு பயம். விமானத்தில் கொடுத்த பழத்தையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. 2018இல் பாரிஸிலிருந்து மினியாபோலிஸ் வந்த ஒரு பயணிக்கு, விமானத்தில் கொடுத்த ஆப்பிளைப் பையில் வைத்திருந்ததற்காக 500 டாலர் அபராதம் போட்டார்கள்.

முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய் பெட்டியில் போகட்டும். கேட்டால் "ஃபுட், ஸ்நாக்ஸ், ஹோம்மேட், நோ மீட்" என்று சொல்லச் சொல்லுங்கள். ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

#17 ட்ரே_நம்பர்_3
ஒண்ணு விட்டுப்போச்சு. திரும்பி வர்ற டிக்கெட்டுக்கும் ஏவிஎம்எல் தனியா போட்டுடுங்க, போறதுக்குப் போட்டது வர்றதுக்கு ஒட்டாது. அங்கேர்ந்து கிளம்பும்போது பீநட் பட்டர் டப்பாவைக் கைப்பையில வைக்காதீங்க, அமெரிக்கக் கணக்குல அதுவும் திரவம்தான்.